இந்தோனேசியாவுக்கு எந்த மாதத்தில் செல்வது: தீவுக்கேற்ப முடிவுசெய்ய ஒரு வழிகாட்டி

இந்தோனேசியாவுக்குச் செல்ல ஏற்ற காலம் எது என்று கேட்டால், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். பாலிக்கும் யோக்யகர்த்தாவுக்கும் அந்த விடை பொருந்தும். ஆனால் அதையே நம்பி ஜூலை மாதத்தில் கிழக்கே மலுக்குத் தீவுகளில் உள்ள ஆம்பொனில் போய் இறங்குபவர், அவ்வூரில் ஆண்டிலேயே மிகக் கடுமையாக மழை பெய்யும் நாட்களில் சிக்கிக்கொள்வார். மேற்கே சாபாங் முதல் கிழக்கே மெராவ்கே வரை ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, நிலநடுக்கோட்டின் இருபுறமும் 17,000க்கும் அதிகமான தீவுகளாகப் பரந்து கிடக்கும் நாடு அது. அத்தகைய நாடு முழுவதற்கும் ஒரே நல்ல பருவம் இருக்க முடியாது. நம்மில் பெரும்பாலோருக்கு விடுமுறை மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. பள்ளியோ அலுவலகமோதான் அதை முடிவு செய்கிறது. ஆகவே, நாட்டுக்கு ஏற்ற மாதம் எது என்று தேடுவதை விட, நம் கையில் இருக்கும் மாதத்துக்கு ஏற்ற தீவு எது என்று தேடுவதே பயனுள்ள வழி என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரை அந்தத் தேடலுக்கு உதவுவதற்காக எழுதப்படுகிறது.

எதைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்

வெப்பநிலையைப் பார்க்க வேண்டியதில்லை. கடலோரச் சமவெளிகளில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசையும் அதற்குச் சற்று மேலும் தொட்டு நிற்கும். மாதத்துக்கு மாதம் பெரிய வேறுபாடு கிடையாது. மாறுபவை மழை, காற்று, கடல் அலை ஆகிய மூன்றும், சில பகுதிகளில் காட்டுத்தீயின் புகையும்தான். இவற்றோடு மனிதர்கள் உண்டாக்கும் நெரிசலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மழையை ஆள்வது காற்று. மே முதல் செப்டம்பர் வரை ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். அந்த வறண்ட நிலப்பரப்பிலிருந்து தென்கிழக்குக் காற்று இந்தோனேசியாவின் தென் தீவுகள் மீது வீசுகிறது. அது ஈரம் குறைந்த காற்று என்பதால் ஜாவா, பாலி, லொம்பொக், புளோரெஸ், திமோர் ஆகியவற்றில் வானம் தெளிந்திருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை ஆசியாவில் குளிர்காலமாகும்போது காற்று திசை மாறி, தென்சீனக் கடலையும் ஜாவா கடலையும் கடந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வடமேற்கிலிருந்து வருகிறது. அதே தென் தீவுகளில் அப்போது மழைக்காலம். காற்று ஒரு திசையை விட்டு மறு திசைக்கு மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை அந்நாட்டினர் பஞ்சாரோபா என்கிறார்கள். அம்மாதங்களில் காலையில் வெயிலும், பிற்பகலில் இடியுடன் கூடிய சிறு மழையும் இயல்பானவை.

இந்த விதி தெற்கே மட்டும்தான் இவ்வளவு ஒழுங்காக இயங்குகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சுமத்ராவிலும், போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானிலும் ஆண்டுக்கு இரண்டு மழை உச்சங்கள் உண்டு. மலுக்குத் தீவுகளிலோ பருவமே தலைகீழாக இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிரல்ல: தென்மேற்குப் பருவமழையில் கேரளம் நனையும்போது ராமநாதபுரம் காய்கிறது, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சோழமண்டலக் கரையில் கொட்டும் மழை மும்பையை எட்டுவதில்லை. காற்று எந்தக் கடலைக் கடந்து, எந்த மலையின் எந்தப் பக்கத்தில் மோதுகிறது என்பதுதான் அங்கும் இங்கும் கேள்வி.

ஜாவா, பாலி, அவற்றுக்குக் கிழக்கே உள்ள தீவுகள்

முதன்முறை செல்லும் பெரும்பாலோர் இந்த வரிசைத் தீவுகளுக்கே செல்வதால் இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வறண்ட பருவம் என்று ஒரே சொல்லால் குறித்தாலும், அதன் தொடக்கமும் நடுவும் முடிவும் வெவ்வேறு அனுபவங்களைத் தருகின்றன.

மே மாதமும் ஜூன் முதல் பாதியும் மிகச் சிறந்தவை என்று தயங்காமல் சொல்வேன். மழை ஓய்ந்திருக்கும், ஆனால் நிலத்தில் ஈரம் இன்னும் மிச்சமிருக்கும். அருவிகளில் நீர் இருக்கும்; சும்பா, புளோரெஸ் தீவுகளின் புல்வெளிகள் முழுவதும் பழுப்பாகியிருக்காது. ஐரோப்பியக் கோடை விடுமுறையும் ஆஸ்திரேலியப் பள்ளிகளின் ஜூலை விடுமுறையும் தொடங்கியிராததால் தங்குமிட வாடகையும் மட்டாக இருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை இதனோடு பொருந்தி வருவது குழந்தைகளோடு செல்பவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு. மே மாதப் பௌர்ணமியையொட்டி வரும் வைசாக நாளில் மத்திய ஜாவாவின் பெரும் பௌத்த நினைவுச்சின்னமான பொரோபுதூரில் பௌத்தர்கள் பெருந்திரளாகக் கூடி வழிபடுகிறார்கள். அந்த நாளை ஒட்டிச் செல்ல விரும்புவோர் தங்குமிடத்தை மிக முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ள வேண்டும். யோக்யகர்த்தாவை அடுத்த பிரம்பானான் கோயிலுக்கு அருகே நடக்கும் இராமாயண நாட்டிய நாடகம், வறண்ட மாதங்களில் மட்டுமே, ஒளியூட்டப்பட்ட கோயில் கோபுரங்கள் பின்னணியில் தெரியும் திறந்தவெளி மேடையில் நிகழ்த்தப்படுகிறது. மழைக்காலத்தில் அது அரங்கத்துக்குள் சென்றுவிடும். ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவன் கோயிலைக் கண்முன் வைத்துக்கொண்டு அந்த நாட்டியத்தைக் காண்பதற்காகவே மாதத்தை மாற்றிக்கொள்வது தகும்.

ஜூலையும் ஆகஸ்டும் வானத்தைப் பொறுத்தவரை குறையற்ற மாதங்கள். கூட்டத்தைப் பொறுத்தவரை மிகக் கடினமான மாதங்கள். தென் பாலியின் குறுகிய சாலைகளில் சிறு தொலைவுக்கும் நெடுநேரம் ஆகும். எனினும் சிலவற்றுக்கு இந்த மாதங்களே உரியவை. கிழக்கு ஜாவாவின் புரோமோ எரிமலையின் விளிம்பில் நின்று சூரியோதயம் காணத் தெளிந்த வானம் வேண்டும். அப்போது அங்கே விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும். மத்திய ஜாவாவின் தியெங் பீடபூமி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இந்த மாதங்களில் சில விடியல்களில் அங்குள்ள அர்ஜுனன் கோயில் தொகுதியின் புல்தரையில் உறைபனி படிந்திருக்கும். நிலநடுக்கோட்டு நாட்டுக்குத்தானே செல்கிறோம் என்று கம்பளி ஆடை இல்லாமல் மலைக்குப் போவோர் வருந்துவார்கள். தெற்குச் சுலவேசியின் மலைநாட்டில் வாழும் தொராஜா மக்கள், அறுவடை முடிந்து வெளியூர் உறவினர்கள் திரும்பி வரும் இந்த மாதங்களில்தான் தங்கள் பெரிய ஈமச்சடங்குகளை வைத்துக்கொள்கிறார்கள். அழைக்கப்பட்ட விருந்தினரைப் போல அடக்கமாக நடந்துகொள்ள முடியுமானால் அங்கே செல்லலாம்.

செப்டம்பரில் கூட்டம் குறைந்துவிடும். வானம் இன்னும் தெளிந்தே இருக்கும். பாலிக்குத் தென்கிழக்கே உள்ள நுசா பெனிடா தீவைச் சுற்றி ஆழ்கடலின் குளிர்நீர் மேலெழுவதால், மோலா எனப்படும் பெரிய சூரியமீன்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே தென்படும். ஸ்கூபா எனப்படும் காற்றுக்கலன் கொண்ட முக்குளிப்புத் தெரிந்தவர்களுக்கு அதற்குரிய காலம் இதுவே. ஆனால் நீர் எதிர்பாராத அளவுக்குக் குளிர்ந்திருக்கும், நீரோட்டமும் வலுவானது, புதிதாகப் பழகுவோருக்கு அது உரிய இடமல்ல. அக்டோபரில் வெயில் உறைக்கும். கிழக்கே உள்ள தீவுகள் முற்றிலும் காய்ந்து, பசுமையைத் தேடிப் போனவருக்கு ஏமாற்றமளிக்கும்.

மழைக்காலத்தை அடியோடு ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நவம்பரிலும் மார்ச்சின் பிற்பகுதியிலும் பாலியில் மழை பெரும்பாலும் சில மணி நேரம் பெய்து நின்றுவிடும். பாலியின் உள்நாட்டு ஊரான உபுதில் தங்கி, காலையில் கோயில்களையும் வயல்களையும் பார்த்து, பிற்பகலை நடனத்துக்கும் சமையல் வகுப்புக்கும் ஒதுக்குபவருக்கு அது இடையூறே அல்ல, வாடகையும் குறைவு. ஜனவரியும் பிப்ரவரியும் வேறு வகை. அப்போது நாள்கணக்கில் மழை நீடிக்கலாம். ஜகார்த்தாவில் வெள்ளம் வருவதும் பெரும்பாலும் அந்நாட்களில்தான். 2020ஆம் ஆண்டின் முதல் நாளில் அந்நகரின் பல பகுதிகள் மூழ்கின. மேற்குக் காற்று கடலில் மிதக்கும் குப்பையை அள்ளிவந்து கூத்தா உள்ளிட்ட பாலியின் மேற்குக் கரைகளில் தள்ளுவதும் இந்த மாதங்களில்தான். பொங்கல் விடுமுறையில் பாலிக் கடற்கரையில் ஓய்வெடுக்கலாம் என்று திட்டமிடுபவர்கள் இதை அறிந்த பிறகே பயணச்சீட்டு வாங்க வேண்டும். லொம்பொக்கில் உள்ள 3,726 மீட்டர் உயர ரிஞ்சானி மலையில் ஏறும் பாதைகளும் வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் இறுதி வரை மூடப்பட்டிருக்கும்.

மழைக்காலத்திலேயே போய்ப் பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆண்டுக்கொரு முறை சும்பா, லொம்பொக் தீவுகளின் கரைக்கு ஒரு வகைக் கடற்புழுக்கள் கூட்டமாக வருகின்றன. லொம்பொக்கில் மக்கள் விடியுமுன் கடலில் இறங்கி அவற்றைச் சேகரிப்பது பெருவிழா. சும்பாவில் அதையொட்டிக் குதிரை வீரர்கள் எதிரெதிராக ஈட்டி எறியும் பசோலா நடக்கிறது. நாளை நிலவையும் புழுவையும் பார்த்து ஊர்ப் பூசாரிகளே குறிப்பதால், முன்னும் பின்னும் சில நாட்கள் கையில் வைத்திருப்பவருக்கே அது வாய்க்கும்.

படகில் செல்பவர்கள் கவனிக்க வேண்டியது

மழையை விடக் கடலைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். மழையில் நனைந்தால் உலர்ந்துகொள்ளலாம். மோசமான கடலில் சிறிய படகில் ஏறுவது உயிரோடு விளையாடுவதாகும். புளோரெஸ் தீவின் மேற்கு முனையில் உள்ள லாபுவான் பாஜோவிலிருந்து கொமோடோ தீவுகளுக்குச் செல்லும் படகுகளைத் துறைமுக அதிகாரிகள் ஜனவரி, பிப்ரவரியில் அவ்வப்போது தடுத்து நிறுத்துவது இதனால்தான். பாலியிலிருந்து லொம்பொக்கை ஒட்டிய கிலி தீவுகளுக்கும் நுசா பெனிடாவுக்கும் ஓடும் வேகப்படகுகளுக்கும் இந்த மாதங்கள் கடினமானவை. ஜூலை, ஆகஸ்டிலும், வானம் நீலமாக இருந்தாலும், தென்கிழக்குக் காற்று வலுத்து நீரிணைகளில் அலை உயரும். ஆடிக்காற்றை அறிந்த நமக்கு வெயிலும் காற்றும் ஒரே நாளில் இருக்கக்கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய நாட்களில் கடல் பெரும்பாலும் காலையில் அமைதியாக இருந்து, பிற்பகலில் கொந்தளிக்கும். ஆகவே முதல் படகிலேயே செல்லுங்கள். படகோட்டி இன்று வேண்டாம் என்று சொன்னால் கூடுதல் பணம் கொடுத்து அவரை வற்புறுத்தாதீர்கள்.

கொமோடோவுக்கு ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மாதங்களைப் பரிந்துரைப்பேன். குன்றுகள் பச்சையாக இருக்கும். கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கொமோடோ உடும்புகள் ஆண்டின் நடுப்பகுதியில் இணைசேர்ந்து செப்டம்பர் அளவில் முட்டையிடுகின்றன. ஜூலை, ஆகஸ்டில் அவற்றுள் பல காட்டுக்குள் ஒதுங்கிவிடுவதால் காண்பது சற்று அரிதாகலாம்.

பருவம் தலைகீழாகும் கிழக்கு

தெற்கைக் காயவைக்கும் அதே தென்கிழக்குக் காற்று பாண்டா கடலைக் கடந்து ஆம்பொன், செராம் தீவுகளின் மலைகளில் மோதும்போது மழையாகக் கொட்டுகிறது. அங்கே ஜூன், ஜூலை மாதங்கள்தான் மழையின் உச்சம்; அக்டோபர் முதல் மார்ச் வரை ஒப்பீட்டளவில் வறண்டிருக்கும். ஒரு காலத்தில் உலகின் ஜாதிக்காய் முழுவதையும் விளைவித்த பாண்டா தீவுகளுக்குச் செல்ல விரும்புவோர் மழையோடு காற்றையும் பார்க்க வேண்டும். ஆம்பொனிலிருந்து செல்லும் படகுப்பயணம் நீண்டது. ஆகவே காற்று திசைமாறிக் கடல் அடங்கும் அக்டோபர், நவம்பரும், மார்ச், ஏப்ரலும் அதற்கு உகந்தவை.

பப்புவாவின் மேற்கு முனையில் உள்ள ராஜா அம்பாட்டுக்கு அக்டோபர் முதல் ஏப்ரல் வரை செல்வது நல்லது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே தெற்குக் காற்று வலுத்துக் கடல் கரடுமுரடாகிவிடும். பயணிகள் தங்கியிருந்து ஸ்கூபா செய்யும் பெரிய படகுகள் பலவும் ஆண்டின் நடுப்பகுதியில் கொமோடோவிலும், ஆண்டிறுதியில் ராஜா அம்பாட்டிலுமாக இடம் மாறுவதே இதற்கு நல்ல சான்று. டிசம்பரில் மட்டுமே விடுமுறை கிடைக்கும் மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் மழையில் நனையும் பாலிக்குப் போவதற்குப் பதிலாக, செலவு அதிகமானாலும், சோரோங் வரை பறந்து ராஜா அம்பாட்டுக்குச் செல்வதைச் சிந்திக்க வேண்டும். சுலவேசியில் ஒரே தீவிலேயே இரு பருவங்கள் உண்டு: மேற்குக் கரையின் மக்காசார் ஜனவரியில் மழை பெறும், மலைத்தொடருக்கு அப்பால் கிழக்கே உள்ள சிஞ்சாய்ப் பகுதிக்கு மே, ஜூனில்தான் உச்சம்.

சுமத்ரா, கலிமந்தான்: மழையும் புகையும்

இங்கே முற்றிலும் வறண்ட மாதம் என்று எதையும் எதிர்பார்க்கக் கூடாது. வட சுமத்ராவில் பிப்ரவரியும், ஜூன், ஜூலையும் மழை குறைந்தவை. அக்டோபர், நவம்பரில் மழை மிகுதி. தொபா ஏரிக்கும், ஒராங்குட்டான்கள் வாழும் புக்கிட் லாவாங் காட்டுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். மேடானில் இறங்குபவர்கள், புகையிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் சந்ததியார் வாழும் கம்போங் மதராசையும், 1884இல் எழுப்பப்பட்ட மாரியம்மன் கோயிலையும் காணலாம். அதற்கு எந்த மாதமும் தடையில்லை. தமிழ் வணிகக் குழுவினர் 1088இல் கல்வெட்டுப் பொறித்துவைத்த பாருஸ் ஊருக்குச் செல்ல விரும்புவோர், சுமத்ராவின் மேற்குக் கரை ஏறத்தாழ ஆண்டு முழுவதும் மழை பெறுவது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கலிமந்தானில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மழை குறையும். ஆனால் அதுவே புகைக்காலம். நீர் வடிக்கப்பட்டுக் காய்ந்த, மக்கிய தாவரங்களால் ஆன கரிச்சேற்று நிலங்களில் பிடிக்கும் தீ மண்ணுக்கடியிலேயே வாரக்கணக்கில் புகையும். 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் அந்தப் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் சூழ்ந்ததைப் பலர் நேரில் அறிவார்கள். அத்தகைய ஆண்டுகளில் விமானங்கள் ரத்தாகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கிருப்பதே தீங்கு. தஞ்சோங் புத்திங் தேசியப் பூங்காவில், குளோத்தோக் என்னும் மரப்படகில் இரவு தங்கி ஒராங்குட்டான்களைக் காணச் செல்பவர்கள் ஜூன், ஜூலை மாதங்களைத் தேர்ந்தெடுத்தால், நடைபாதைகள் ஓரளவு காய்ந்திருக்கும். புகையும் பெரும்பாலும் தொடங்கியிராது.

மக்களின் நாட்காட்டி

ரமலான் முடிந்து வரும் ஈகைத் திருநாளை ஒட்டி, நகரங்களில் வாழும் கோடிக்கணக்கானோர் சொந்த ஊருக்குத் திரும்புகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய இரவில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் எப்படி இருக்குமோ, அந்நாட்களில் ஜாவா முழுவதும் அப்படியே இருக்கும். ரயில் இருக்கை கிடைக்காது. மெராக் துறையில் சுமத்ரா செல்லும் கப்பலுக்கு வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும். விமானக் கட்டணம் உயரும். இந்த நாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்வதால் அந்தந்த ஆண்டின் தேதியைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் ஜாவாவில் ஊர்விட்டு ஊர் செல்லும் திட்டம் வேண்டாம்.

பாலி மக்கள் பின்பற்றும் சக நாட்காட்டியின் ஆண்டுப் பிறப்பான நியேபி, யுகாதியை ஒட்டி மார்ச்சிலோ சில ஆண்டுகளில் ஏப்ரல் தொடக்கத்திலோ வருகிறது. அன்று 24 மணி நேரம் தீவு முழுவதும் அடங்கியிருக்கும்: விமான நிலையம் மூடப்படும், விளக்குகள் அணைக்கப்படும், பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வரக் கூடாது. அந்த நாளில் வருகையோ புறப்பாடோ வைத்துக்கொள்ள வழியில்லை. ஆனால் அதற்கு முந்தைய மாலையில் தெருவெங்கும் ஊர்வலமாக வரும் ஓகோ ஓகோ என்னும் பேருருவங்களைக் கண்டு, மறுநாள் அந்த மௌனத்தையும் மதித்து இருக்க விரும்புபவருக்கு ஆண்டில் இதைவிடச் சிறந்த நாள் பாலியில் இல்லை. 2025இல் நியேபி மார்ச் 29ஆம் தேதியும், ஈகைத் திருநாள் மார்ச் 31ஆம் தேதியும் வந்தன. அத்தகைய ஆண்டில் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

முடிவெடுக்கும் முறை

முதலில் கையிலிருக்கும் மாதத்தை எழுதிக்கொள்ளுங்கள். மே, ஜூன், செப்டம்பர் என்றால் தெற்கு வரிசைத் தீவுகளில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். ஜூலை, ஆகஸ்ட் என்றால் தென் பாலியைத் தவிர்த்து, கிழக்கு ஜாவா, தொராஜா அல்லது புளோரெஸ் மலைநாட்டுக்குச் செல்லுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் ராஜா அம்பாட்டும் மலுக்குவும் முதலில் வரட்டும். அவ்வளவு தொலைவு இயலாதெனில் பிப்ரவரியில் வட சுமத்ராவைக் கருதலாம். அதன்பின், நீங்கள் எதற்காகப் போகிறீர்கள் என்பதை ஒரே சொல்லில் குறியுங்கள்: கடல், மலை, கோயில், விலங்கு. கடலும் மலையுமே வானிலைக்கு அடங்கியவை. கோயிலையும் சமையலையும் தேடிச் செல்பவருக்கு மழை மாதமும் நல்ல மாதமே. ஒரே பயணத்தில் தெற்கையும் மலுக்குவையும் இணைக்க விரும்பினால் ஏப்ரல் அல்லது அக்டோபரைத் தவிர வேறு வழி குறைவு. இரண்டும் ஓரளவு இடங்கொடுக்கும் மாதங்கள் அவை.

பிறகு அந்த ஆண்டின் போக்கைப் பாருங்கள். பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதி நீர் வழக்கத்தை விடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் வறண்ட பருவம் நீண்டு, மழை தாமதமாகி, புகை மிகும். அதற்கு நேர்மாறாக அந்நீர் குளிரும் லா நினா ஆண்டில் மே, ஜூனிலும் மழை தொடரலாம். பிஎம்கேஜி எனப்படும் அந்நாட்டு வானிலை நிறுவனம், வறண்ட பருவமும் மழைப் பருவமும் ஒவ்வொரு பகுதியிலும் எப்போது தொடங்கும் என்ற முன்கணிப்பை முன்கூட்டியே வெளியிடுகிறது. கடல் அலை எச்சரிக்கையையும் அறிவிக்கிறது. கைப்பேசியில் பத்து நாளுக்கும் இடிச் சின்னம் காட்டும் செயலியை விட அது நம்பத்தக்கது, ஏனெனில் வெப்பமண்டலத்தில் அரைமணி நேர மழைக்கும் நாள்முழுதும் பெய்யும் மழைக்கும் அந்தச் சின்னம் ஒன்றுதான்.

கடைசியாக, எந்த மாதமானாலும், சிறு தீவிலிருந்து திரும்பும் நாளுக்கும் தாயகம் திரும்பும் விமானத்துக்கும் இடையே குறைந்தது ஓர் இரவை விமான நிலையம் உள்ள ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் புளோரெஸ் தீவின் லெவோதோபி எரிமலை வெடித்தபோது, அதன் சாம்பலால் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பாலியிலேயே விமானங்கள் ரத்தாயின. எரிமலைக்குப் பருவம் கிடையாது. கூடுதலான அந்த ஓரிரவும், தாமதத்தை ஈடுசெய்யும் பயணக் காப்பீடும் மட்டுமே அதற்கு விடை.